அந்தோனியாரின் வயிற்றில் கார்ச் சாவி

அந்தோனியார் என் காரின் பின் ஆசனத்தில் படுத்திருக்கும்போது எந்தப் பொலிஸ்காரனும் கை காட்டி மறிக்க மாட்டான் என்று நான் நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று பிள்ளைகளின் தகப்பன். கோயில் பங்குச் சபையில் உறுப்பினன். இப்படிப்பட்ட ஒருவன் நம்பக்கூடிய விடயமா என்று கேட்பீர்கள். நம்பினேன். அதை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியை எழுத முடியாது.

எங்கள் குறிச்சி பேசாலைக்கு இந்தப் பக்கம், வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. கரையில் சின்னதாக ஓர் அந்தோனியார் கோயில். ஜூன் மாதத் திருவிழாவுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கொடியேற்றம். நிறம் பூசக் கொடுத்திருந்த அந்தோனியார் சுரூபத்தை முந்தின நாள், வியாழக்கிழமை, மன்னார் நகரத்திலிருந்து எடுத்து வருவது என் பொறுப்பு. மூன்றடிச் சிலை. உள்ளே வெற்றிடம். அடிப்பீடத்தில் இரண்டு விரல் போகும் அளவுக்கு ஒரு துவாரம். அந்தத் துவாரத்தை மறந்துவிடாதீர்கள். நான் அதை இனி மறக்கப்போவதில்லை.

நிறம் பூசியவர் என் பழைய சிநேகிதர். புனிதரின் கன்னத்தில் இளஞ்சிவப்புத் தடவி, அங்கிக்குப் புதுக் கபில நிறம் கொடுத்து நிறுத்தியிருந்தார்.

"எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்."

"அப்ப மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போகேக்க ஒண்டு எடுக்காமல் போறதோ?"

தவக்காலத்தில் நாற்பது நாள் சாராயத்தைத் தொடாமல் இருந்தவன் நான். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்த கையோடு அந்த விரதமும் முடிந்திருந்தது. ஆகவே ஒன்று எடுத்தேன். மாப்பிள்ளை குடிக்கவில்லை என்பதால் அவருடைய பங்கையும் எடுத்தேன். நான்கில் நிறுத்தினேன், போத்தல் முடிந்துவிட்டது.

சுரூபத்தை வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றிப் பின் ஆசனத்தில் கிடத்தினோம். சாவியைத் திருப்பும்போது, என் அப்பா லொறி ஓட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சொல்லும் ஒரு வரியை வாய் தானாகச் சொன்னது. "அந்தோனியாரே, வழியிலே ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாமல் கொண்டுபோய்ச் சேரும்." சொன்னேனா, கொட்டாவி விட்டேனா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரித்தான் அதைச் சொல்வேன். அன்றும் அப்படித்தான். பிறகு அதை மறந்துபோனேன்.

மன்னார் பட்டினத்தைத் தாண்டி நேர் வீதி. பகல் ஒரு மணி கழிந்திருந்தது. பின்னாலிருப்பவரிடம் பகிடி சொல்லிக்கொண்டு வேகமாகத்தான் போனேன். வீதியோரத்துப் பொலிஸ் காவலரணில் ஒரு சார்ஜன்ட் நடுவீதிக்கு வந்து கையைத் தூக்கினார். பிரேக்கை மிதித்தேன். மிதி கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. என் காலுக்குச் சாராய வெறி ஏறிவிட்டது, அதற்கு மிதிக்கத் தெரியவில்லை என்று நினைத்து எனக்குள் சிரித்தேன். மூன்று நான்கு தரம் குத்தி, கைப்பிரேக்கையும் இழுத்து, சார்ஜன்டைத் தாண்டி நாலு கார் தூரம் போய்த்தான் நின்றது.

அவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. வெறி பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிதான் என்னை ஆட்டிப்படைத்தது. சாவி இல்லாவிட்டால் காரைக் கொண்டுபோக முடியாது என்று ஒரு யோசனை. சாவியைக் கழற்றினேன். எங்கே ஒளிப்பது? பின்னால் கையை நீட்டினேன். அந்தோனியாரின் அடிப்பீடம் கைக்குப் பட்டது. துவாரமும் பட்டது. சாவி உள்ளே போய் "கிண்" என்றது.

சார்ஜன்ட் யன்னலால் குனிந்து பார்த்தார். தென்பகுதிக்காரர். தமிழ் பேசுவார், கொஞ்சம் கடித்துக் கடித்து. அவருடைய பார்வை பின் ஆசனத்துக்குப் போனது. வெள்ளைத் துணியால் சுற்றிய நீளமான உருவம். துணி விலகிய இடத்தில் இரண்டு வெறுங்கால்கள். அவருடைய கை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குப் போனது.

"பின்னுக்கு யாரு?"

யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான். துணி சுற்றிய உருவத்தோடு நிற்காமல் ஓடப் பார்த்த கார் என்றால் எங்கள் வீதியில் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அந்... அந்தோனியார், சேர்."

"என்ன பிரச்சினை அவருக்கு?"

"நிறம் பூசினது, சேர். காயவேணும்."

துணியை விலக்கிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார். அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு குடி பார்க்கும் பலூனை நீட்டினார். "இவருக்குக் கும்பிடு. உங்களுக்கு இது. ஊதுங்க."

ஊதினேன். அதன் நிறம் மாறிய வேகத்தில் என் நிறமும் மாறியிருக்கும்.

"சாவி?"

"துலைஞ்சு போச்சு, சேர்."

"ஓடி வந்த காரிலையா துலைஞ்சது?" என் சட்டைப்பையையும் ஆசனத்தின் அடியையும் தேடினார்கள். கிடைக்கவில்லை. நான்கு பொலிஸ்காரர் காரைத் தள்ளிக் காவலரணின் முற்றத்துக்குள் விட்டார்கள். மணலில் சில்லுப் புதைந்து அது தானாக நின்றது. சாவி இல்லாவிட்டால் கார் போகாது என்ற என் கணக்கு அவ்வளவுதான்.

"சுரூபத்தையாவது தாங்கோ, சேர். நாளைக்குக் கொடியேற்றம்."

"எல்லாம் எழுதியாச்சு. நீதவான் சொன்னால்தான் வெளியே."

என்னை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் காரின் பின் யன்னல். யன்னலுக்குள் அந்தோனியாரின் பாதங்கள்.

அந்த வாங்கில் நான் செபித்த செபங்களை உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆண்டவரே, அந்தப் பலூன் பிழையான பலூன் என்று ஆகட்டும். சார்ஜன்டுக்கு இன்றைக்கே இடமாற்றம் வரட்டும். காவலரணுக்கு ஒரு சின்னத் தீ, யாருக்கும் காயமில்லாமல். எல்லாவற்றிலும் மேலாக, ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஸ்டெல்லா என் மனைவி. கடைசிச் செபத்தைக் குறைந்தது ஐம்பது தரம் சொல்லியிருப்பேன்.

அப்போது சார்ஜன்ட் காரின் பதிவுப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். "மேரி ஸ்டெல்லா. இது யாரு?"

கார் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் சீதனம் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். இருபத்திரண்டு வருடமாக "என்ரை கார்", "என்ரை கார்" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில், புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன்.

"சொந்தக்காரர் கோட்டுக்கு வந்தால்தான் வாகனம் விடுவாங்க. நம்பர் சொல்லுங்க" என்றார்.

ஐம்பது தரம் சொன்ன செபம் அந்த இடத்தில் விழுந்தது. இலக்கத்தைச் சொன்னேன்.

அவள் வருவதற்குள் வெளியே மணி அடித்தது. நான் போகவிருந்த பக்கம், கொஞ்சத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். வெள்ளைச் சட்டைகள் வீதியை நிரப்பிக்கொண்டு வந்தன. சார்ஜன்ட் எழுந்து போய் நடுவீதியில் நின்று இரண்டு பக்கமும் மறித்தார். அதற்காகத்தான் தினமும் அந்த நேரத்தில் அங்கே நிற்பாராம். பிள்ளைகள் கதைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை ஆட்டிக்கொண்டு கடந்தார்கள். நான் வந்த வேகத்தை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் செபம் எதுவும் வரவில்லை.

ஸ்டெல்லா ஓட்டோவில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே காருக்குப் போய் யன்னலால் சுரூபத்தைப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இவர் குடிச்சவரோ?"

"இல்லை."

"அப்ப இவரை ஏன் பிடிச்சு வைச்சிருக்கினம்?"

பிணையில் வந்தேன். அன்றிரவு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாளை ஐந்தரைக்கு எல்லாருக்கும் தெரியும். கொடிமரத்தின் கீழே வெறும் பீடம் இருக்கும். பீடத்துக்கு அருகில் நான் இருப்பேன். கடலுக்குப் போகும் வள்ளங்களை அந்தோனியார்தான் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று நம்பும் சனம் அது. அவர்களின் முகத்தைப் பார்த்து என்ன பகிடி சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

வெள்ளி காலை நீதிமன்றம். எங்கள் வழக்கைக் கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டப்பணம். ஒரு வருடத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இரத்து. வாகனத்தில் பொருட்கள் ஏதும் உண்டா என்று நீதவான் கேட்டார். சார்ஜன்ட் நிமிர்ந்து நின்று, "புனித அந்தோனியார் ஒருவர், கனம் நீதவான் அவர்களே" என்றார். சிரிக்காத ஆள் நான் ஒருவன்தான். காரை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது. அந்தக் கடதாசியோடு காவலரண் முற்றத்துக்கு வரும்போது மணி மூன்றரை.

"சாவி எங்கை?" ஸ்டெல்லா கேட்டாள்.

ஓர் இரவும் ஒரு பகலும் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"இஞ்சேர்... அது அந்தோனியாருக்குள்ளை இருக்குது."

"என்னெண்டு?"

"நான்தான் போட்டனான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு. பிறகு இரண்டும். தொலைந்த பொருளைத் தேடித் தரும் புனிதரிடம், அவருடைய வயிற்றுக்குள்ளேயே ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் புருஷனைக் கட்டினவள் வேறு என்ன செய்வாள்?

சார்ஜன்ட் சப்பாத்தைக் கழற்றினார். கொழும்பில் வேலை செய்த காலத்தில், பௌத்தனாக இருந்தும், செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போனவராம். அவர் தோளைப் பிடித்தார், நான் பாதத்தைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மெதுவாகத் தூக்கி நிமிர்த்தி ஆட்டினோம். உள்ளே உருளும் சத்தம். மூன்றாம் தரம் சாவி மணலில் விழுந்தது.

"துலைஞ்சதைக் குடுத்திட்டார்" என்றார் சார்ஜன்ட். "ஐயாவைத்தான் இன்னும் கண்டுபிடிக்க இல்ல."

ஸ்டெல்லா கைப்பையிலிருந்து தன் அனுமதிப்பத்திரத்தை எடுத்தாள். ஆறு வருடத்துக்கு முன் எடுத்தது. அலுமாரியில் செபமாலைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அவள் கேட்ட போதெல்லாம் "இந்தக் கார் என்ரை சொல்லுத்தான் கேக்கும்" என்று சொல்லிச் சொல்லி நான்தான் அதை அங்கே கிடக்கவிட்டேன். இப்போது அவள் சாரதி ஆசனத்தில் ஏறினாள். சாவியைத் திருப்புவதற்கு முன், ஓட்டப் பழகிய இடத்தில் சொல்லித் தந்தபடி, ஒவ்வொரு மிதியாக அழுத்திப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பிரேக் பிடிக்குதில்லை."

"உனக்கு அமத்தத் தெரியேல்லை."

சார்ஜன்ட் குனிந்து தன் கையால் அழுத்தினார். மிதி தரையைத் தொட்டது. இன்னொரு தரம் அழுத்தினார். எழுந்து, வீதியின் அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருந்த திசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஸ்டெல்லா சிலுவை அடையாளம் போட்டாள்.

காரை அங்கேயே விட்டோம். ஓட்டோவில் நடுவில் அந்தோனியார், இரண்டு பக்கமும் நாங்கள். ஊருக்குள் நுழையும்போது ஐந்து மணி பத்து நிமிடம். பீடத்தில் சுரூபத்தை வைத்த பிறகு பங்குத்தந்தையிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். வழக்கம்போல் பகிடி விடப்போகிறேன் என்று சனம் சிரிக்கத் தயாராக நின்றது. குடித்தேன், பிடிபட்டேன், உங்கள் புனிதர் என்னால் ஓர் இரவு பொலிசில் படுத்தார் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தாய் மட்டும் வந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

அன்றிலிருந்து ஒரு துளியும் தொடவில்லை. இப்போது நான் பின் ஆசனத்துக்காரன். ஸ்டெல்லா ஓட்டுகிறாள், நன்றாகவே ஓட்டுகிறாள், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

என் அன்பானவர்களே, வாங்கிலிருந்து நான் கத்திக் கேட்ட ஒன்றையும் ஆண்டவர் தரவில்லை. பலூன் சரியாகவே வேலை செய்தது. சார்ஜன்டுக்கு இடமாற்றம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்கு முதலாவதாகத் தெரிந்தது. சாவியைத் திருப்பும்போது கொட்டாவியோடு சொல்லி மறந்த அந்த ஒரு வரியை மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். நீங்களும் பயணம் போகும்போது அந்த வரியைச் சொல்லுங்கள். வெறியில்லாத வாயால் சொல்லுங்கள். என்னுடைய வாயிலிருந்து வந்ததையே கேட்டவர், உங்களுடையதைக் கேளாமல் விடுவாரா?

திங்கட்கிழமை மெக்கானிக் முற்றத்து மணலில் படுத்துக் காரின் அடியைப் பார்த்தார். முன் சில்லுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாய் நீளத்துக்கு வெடித்திருந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் இருக்கவில்லை. வியாழக்கிழமை சார்ஜன்ட் மறித்த இடத்திலிருந்து பள்ளிக்கூட வாசல் இருநூறு யார் தூரம். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் கூட இருக்கவில்லை; பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் அப்போதே வாசலில் வீதிவரை நின்றிருந்தார்கள்.