ஆடியில் வந்த சிலிண்டர்

"என்ன கொழம்பும்மா?"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் கதிர் ஃபோனில் கேட்டான். சாதாரணக் கேள்விதான். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு உண்டா? ஆனால் நான் மேஜையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பதிலை ஒரு நொடி யோசித்து, "மீன் கொழம்புப்பா" என்றேன்.

பொய். மேஜை மேல் பாதி தின்ற பன் ஒன்றும், ஆறிப்போன டீயும் இருந்தன. அதுதான் அன்றைய விருந்து.

ஒரு மீன் குழம்புக்காகப் பெற்ற மகனிடம் பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முன்னால் கதிர் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்லியாக வேண்டும். இதைப் பலருக்கும் விளக்கித் தோற்றிருக்கிறேன். இராமநாதபுரத்தில் 'மகன் வெளிநாட்டில்' என்றால் துபாய், சவுதி என்று தாங்களே முடித்துக்கொள்வார்கள். அவன் இருப்பது ஜெனிவாவில் என்றால், 'அங்கன சம்பளம் எப்படி?' என்பதோடு சரி. என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

உலக நாடுகளெல்லாம் சேர்ந்து வியாபாரத்துக்கென்று ஒரு பெரிய சபை வைத்திருக்கின்றன. அதில் விவசாயத்துக்குத் தனியாக ஒரு கமிட்டி. அந்தக் கமிட்டியின் ஆபீசில்தான் கதிர் இருக்கிறான். அங்கே ஒவ்வொரு நாடும் வாக்குக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அரிசிக்கும் பருப்புக்கும் இந்த அளவுக்கு மேல் வரி போட மாட்டேன்... என் விவசாயிக்குக் கொடுக்கும் மானியம் சந்தை விலையைக் குலைக்கிற அளவுக்குப் போகாது... ஏற்றுமதிக்குப் பணம் கொடுத்து அடுத்தவன் பிழைப்பில் மண் போட மாட்டேன்... இப்படி.

சரி, வாக்குத் தவறினால்? ரேஷன் கடைக்கு ரெய்டு வருகிற மாதிரி ஜீப்பில் ஆள் வருவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன முறை ஊருக்கு வந்தபோது கேட்டதற்குச் சிரித்தான். யாரும் வர மாட்டார்களாம். எவ்வளவு மானியம், எவ்வளவு வரி என்று ஒவ்வொரு நாடும் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். சில நாடுகள் ஒழுங்காகக் கொடுக்கும். சில வருடக்கணக்கில் இழுத்தடிக்கும். கமிட்டி கூடும்போது மற்ற நாடுகள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும். பருத்திக்குப் பணம் கொடுத்ததாக உங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கிறதே, நீங்கள் எழுதியதில் காணோமே... என்கிற ரகம். "ஊரில் கேட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வரும். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி மறுபடி எழும். ரொம்பவே மழுப்பினால் வேறொரு நாடு தானே கணக்குப் போட்டு, "நீ சொல்லாததை நான் சொல்கிறேன்" என்று மேஜையில் வைத்துவிடும். முற்றினால்தான் வழக்கு.

"இம்புட்டுத்தானா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"இம்புட்டுத்தாம்மா. கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதிப் பேரு ஒழுங்கா இருப்பாக."

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான். சில குட்டி நாடுகள் எழுதிக் கொடுப்பதை யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம். காகிதம் மேஜைக்கு வரும், தலைப்பைப் படிப்பார்கள், அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கொடுத்து வைத்த நாடுகள் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நானும் ஒரு குட்டி நாடுதான்.

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்ததும் கதிர் ஒரே பிடியாக நின்றான் — இங்கே தனியாக இருக்கக் கூடாது. கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாடிக்கு மாடி லிஃப்ட், கூப்பிட்டால் ஓடிவர நர்ஸ். படமெல்லாம் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் இந்த வீட்டை விட முடியவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் வைத்த முருங்கை, உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிறீச்சிடும் இந்தக் கேட்... இதையெல்லாம் எந்த லிஃப்டில் ஏற்றுவது?

கடைசியில் பேச்சுவார்த்தை. நான் மூன்று வாக்குக் கொடுத்தேன். மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிடுவேன். பிரஷர் மாத்திரையை விட மாட்டேன். சாயங்காலம் ஒரு நடை போய் வருவேன். இதில் தவறினால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூர். அவனும் ஒப்புக்கொண்டான்.

மாத்திரை போடுகிறேன். நடக்கிறேன். சமையல்தான்...

எனக்கே தெரியவில்லை, எப்போது நின்றது என்று. முதலில் ராத்திரிச் சமையல் நின்றது. பிறகு காலை. ஒருத்திக்காக என்னத்தை வைப்பது? அரை டம்ளர் அரிசிக்கு ஒரு குக்கர், அதைக் கழுவ அரை வாளித் தண்ணீர். வைத்தாலும் முதல் கவளத்திலேயே போதும் என்று ஆகிவிடுகிறது. எதிரே ஆள் இல்லாத சாப்பாட்டுக்கு உப்பு சரியாக இருந்தால் என்ன, கூடினால் என்ன? வாசலில் வரும் இடியாப்பக்காரர், பேக்கரி பன், வாழைப்பழம் — வண்டி ஓடிவிடும்.

இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் போன மாதம் முருங்கைக்காய்க் குழம்பைப் பற்றி எழுதியிருந்தேன். நாக்கில் எச்சில் ஊறியதாக நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும். அது நினைவிலிருந்து வைத்த குழம்பு.

ஞாயிறுதோறும் கதிர் கேட்பான், "சாப்டியாம்மா?" நானும் அறிக்கை தாக்கல் செய்வேன், "ஆச்சுப்பா." அவன் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. தலைப்பைப் படித்தார்கள், அடுத்ததற்குப் போனார்கள்.

போன ஞாயிறுதான் இந்தக் குழம்புக் கேள்வி.

"என்ன மீனு?" என்றான் அடுத்து.

"பாறை."

"தடைக்காலத்துல பாறையா?"

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாதம் இது. ஆனால் நான் இந்த ஊர்க்காரி, விட்டுக்கொடுப்பேனா? நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவந்தது என்று சமாளித்தேன். பாம்பன் பக்கம் இந்த வாரம் பூராவும் பலத்த காற்று, நாட்டுப் படகும் போகவில்லை என்று ஃபோனில் செய்தி பார்த்தானாம். ஜெனிவாவில் உட்கார்ந்துகொண்டு பாம்பன் காற்றைப் படிக்கிறான். இது என்ன வேலை?

மேஜை மேலிருந்த பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "போன ஆடியில வந்த சிலிண்டர் இன்னும் தீரலையாம்மா?"

இது வைகாசி.

கேஸ் இணைப்பு என் கணவர் பெயரில் இருந்தது. அவருக்குப் பிறகு கதிர்தான் அதை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஃபோன் நம்பர் மட்டும் அவனுடையது. புக் செய்தால் அவனுக்கு மெசேஜ். சிலிண்டர் வந்தால் அதற்கான ஓடிபியும் அவனுக்குத்தான். அதை அவன் எனக்குச் சொல்லி, நான் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். ஆடிக்குப் பிறகு அவனுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. நான் வாராவாரம் 'ஆச்சுப்பா' என்று அறிக்கை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில்லாமல் சமைக்கும் நாடு!

கோபம் வந்தது. பெற்ற தாயையே வேவு பார்க்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் வந்தது அழுகை.

மாட்டிக்கொண்டதற்காக இல்லை. "என்ன கொழம்பு?" என்ற அந்தக் கேள்விக்காக. அது இவனுடைய கேள்வியே இல்லை. இவன் அப்பாவினுடையது. முப்பது வருடத்துக்கு மேல் தினமும் மத்தியானம் கேட் கிறீச்சிடும், செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். உள்ளே வந்து தட்டைப் பார்த்தால் தெரியாதா என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ கேட்டார்கள். பென்ஷன் வந்ததா, வீடு யார் பெயரில், மகன் எப்போது வருவான்... என்ன குழம்பு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வியே வராத அந்தக் குட்டி நாடுகளை நினைத்துப் பாவமாக இருந்தது.

"அழுகாதம்மா" என்றான். அவன் குரலும் சரியில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கமிட்டியில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இவன்தானே சொன்னான்? மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?"

"ரசம் வச்சேம்மா."

"போன தடவை குண்டு மிளகாய் ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தேனே. பிரிச்சியா?"

என் மகனுக்கு நம்மூர் குண்டு மிளகாய் இல்லாமல் ரசம் இறங்காது. அது வாசமில்லாத வெந்நீர் என்பான்.

"பிரிக்கலம்மா" என்றான் கடைசியில். "ஒருத்தனுக்கு என்னத்த வைக்கிறதுன்னு..."

வார்த்தைக்கு வார்த்தை என் பதில். அங்கே அலமாரியில் பிரிக்காத பொட்டலம், இங்கே தீராத சிலிண்டர். வாராவாரம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ஆச்சு' என்று அறிக்கை கொடுத்துக்கொண்டு, இரண்டு ஊரில் பன் தின்றிருக்கிறோம். ரொட்டி என்றான் அவன். எல்லாம் ஒன்றுதான்.

கோயம்புத்தூர் என்ன ஆனது என்கிறீர்களா? அதுவும் பேசப்பட்டது. ஏழை நாடுகளுக்கு அந்தச் சபையில் அவகாசம் கொடுப்பார்களாம். எனக்கும் கொடுத்தான். தீபாவளிக்குள் அடுத்த சிலிண்டருக்கான ஓடிபி அவனுக்கு வர வேண்டும். வராவிட்டால் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். இதில் பேச்சில்லை என்றான். அவன் அந்த மிளகாயைப் பிரிக்க வேண்டும் என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன்.

திங்கட்கிழமை நடை போனபோது, எங்கள் தெருவுக்குச் சிலிண்டர் போடும் முனியசாமி வண்டியை நிறுத்தினார். "என்னக்கா, மகன் வீட்டுக்குப் போயிட்டீகளோன்னுல்ல நெனச்சேன். உங்க வீட்டுக்குச் சிலிண்டர் போட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறார். கேட்கத்தான் தோன்றவில்லை. நானும் அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இதுவரை கேட்டதில்லையே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரே நிசப்தம். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழப் பறந்து போனது, பிறகு அதுவும் இல்லை. சிலிண்டரை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். கனத்தது. தீபாவளிக்குள் இது எப்படித் தீரும்?

மூளை உடனே குறுக்கு வழிக்குப் போயிற்று. உலக நாடுகளே போகும்போது எனக்கென்ன? சமைத்தால்தான் கேஸ் தீருமா? தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் தீரும். தினமும் ரெண்டு அடுப்பிலும் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை வைத்துவிட்டால் தீபாவளி என்ன, ஆயுத பூஜைக்கே சிலிண்டர் காலி. ஓடிபி போகும். அறிக்கை சுத்தம். கேட்க நாதியில்லை.

வைத்தேன். அடுப்பைத் துடைத்து, பற்ற வைத்து, பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் சின்னச் சின்னதாய்க் குமிழ். பிறகு சத்தம். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் என்னைத் தவிர ஏதோ ஒன்று சத்தம் போட்டது. ஆவி முகத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. நம் வீட்டுப் பெண்களின் கை இருக்கிறதே, கொதிக்கிற உலையைச் சும்மா விடாது. வீணாகிறதே என்று எழுந்து ஒரு பிடி அரிசியைக் களைந்து போட்டேன்.

குழம்பு என்ன வைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்க ஆள் இருக்கிறது.