அறுபத்தைந்தாவது நிமிடம்

நீர் பொய் சொன்னீர். பாரிஸ் லா சப்பலில் கடை வைத்துக்கொண்டு ஆள் அனுப்பும் ஏஜென்ற், உம்மைத்தான் சொல்கிறேன்.

என் தம்பியின் அகதி விண்ணப்பத்தைப் பிரான்ஸ் இரண்டு முறை நிராகரித்தது. 2010 இல் வேறொருவருடைய கடவுச்சீட்டைக் கொடுத்து அவனை ஒஸ்லோவுக்கு அனுப்பியவர் நீர். "ஒரு மணித்தியாலம்தான் தங்கச்சி. கண்ணை மூடித் திறக்க நோர்வே" என்றீர். நான் பாரிசுக்குப் பக்கத்தில் எபினேயில் வீடுகள் துப்புரவாக்குகிறவள். வரைபடம் பார்த்தவளில்லை. நம்பினேன்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். காலை பத்து மணி விமானம்.

"இறங்கினவுடனை ரெண்டு தரம் அடிச்சுக் கட் பண்ணுவன். எடுத்துப்போடாதை அக்கா. நீ எடுத்தா ஊருக்கே கேக்க அலோ எண்டு கத்துவாய்."

"போடா."

சிரித்துக்கொண்டே சோதனைப் பக்கம் உள்ளே போனான். அதற்கு அப்பால் எனக்குத் தெரியவில்லை.

அந்த அழைப்புக்காகவே புது சிம் வாங்கியிருந்தேன். அதன் இலக்கம் தம்பிக்கும் உமக்கும் மட்டும்தான் தெரியும்.

விமானம் கிளம்பிவிட்டது என்று பலகையில் வந்ததும் ரயிலேறினேன். லா சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கும்போது போன் அடித்தது. இரண்டு தரம். நின்றது. இலக்கம் மறைக்கப்பட்டிருந்தது. நேரம் பதினொன்று ஐந்து. வெண்டிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, "போய்ச் சேந்திட்டான் அம்மா" என்றேன்.

அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. "அகதிக் காம்பிலை வைச்சிருப்பாங்கள், போன் குடுக்கமாட்டாங்கள்" என்றீர். ஒரு மாதம் சொன்னீர். ஒரு வருடம் கழித்தும் அதையே சொன்னீர்.

2014 இல் எனக்கு அகதிகளுக்கான பயணப் பத்திரம் கிடைத்தது. அவனைத் தேடி அதே பத்து மணி விமானத்தில் ஏறினேன். ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இரண்டு மணி இருபது நிமிடம் என்று விமானி அறிவித்தார். ஒரு மணித்தியாலம் என்றல்லவா நீர் சொன்னீர். பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் நேர வித்தியாசம்கூடக் கிடையாது.

மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்து. கீழே கடல். கரை இல்லை, கப்பல் இல்லை, சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும். மடியிலிருந்த பைக்குள் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பவில்லை. எடுத்துப் பார்த்தேன். நான் அணைத்தபடியேதான் இருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பறந்தோம்.

ஒஸ்லோவில் பொலிசிடம் அவனுடைய பெயரையும் கொடுத்தேன், கடவுச்சீட்டிலிருந்த பெயரையும் கொடுத்தேன். இரண்டு பெயரிலும் ஒருவரும் இல்லை.

திரும்பி வந்து நேரே உம்முடைய கடைக்கு வந்தேன்.

"கோல் வந்ததோ இல்லையோ? வந்ததெண்டா இறங்கிட்டான்" என்றீர்.

"ஓம் அண்ணை, வந்தது. பிளேன் கடலுக்கு மேலை நிக்கேக்கை வந்தது."

"அப்ப குதிச்சிருப்பான்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. யாரோ வரப்போவதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

மகன் நோர்வேயில் இருக்கிறான் என்றுதான் அம்மா இன்னும் எல்லோருக்கும் சொல்கிறாள். அந்தப் பொய்யை அவளுக்குக் கொடுத்தது என் வாய். அதை நான் திரும்ப எடுக்க வேண்டுமானால் எனக்கு உண்மை வேண்டும்.

வருகிற லா சப்பல் கோயில் தேருக்கும் வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் வடம் பிடிக்க வருவீர். நானும் வருவேன். அங்கே, அவ்வளவு சனத்துக்கும் முன்னால், ஒலிவாங்கியில் சொல்லும். பதினொன்று ஐந்துக்கு என் போனுக்கு அடித்தது யார்? என் தம்பி அந்த விமானத்தில் ஏறினானா?