மனமொத்துச் சம்மதித்து

அன்று சபையில் இருந்தவர்கள் அப்பா, பெரியப்பா, அக்காவின் கணவர், அவருடைய அண்ணன், எங்கள் சாதிப் பெரியவர்கள் மூன்று பேர், பத்திரம் எழுதுவதற்காக நான். இல்லாதவள் அக்கா. பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான். ஆனால் எங்களில் பெண்கள் சபையேறுவது வழக்கமில்லை. இரண்டு தெரு தள்ளி, வீட்டில், ஒன்றரை வயது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பாலக்கரையில் அப்பா வாழைத்தார் சுமந்து கூலி வாங்கிய வாழைக்காய் மண்டியின் மாடியில்தான் கூட்டம். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஊர் தொட்டியம். துறையூரில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்காவோடு உறவை அத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். பெரியவர்கள் கொஞ்சம் திட்டினார்கள், கொஞ்சம் சிரித்தார்கள், பிறகு எழுதிவிடலாம் என்றார்கள்.

மூத்தவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இவளை இன்றுமுதல் தள்ளி வைத்துவிட்டேன்" என்று அவர் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தினேன். அந்த வருஷம்தான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பெண்ணுரிமை பற்றிப் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தேன்.

"தள்ளி வைக்க அக்கா என்ன தட்டுமுட்டுச் சாமானாங்க? ரெண்டு பேரும் சமம்னு வர்ற மாதிரி எழுதணும்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தச் சபையில் அப்படிப் பேசியதில்லை. நானே ஒரு வாக்கியம் அமைத்துப் படித்தேன்: இருவரும் நேரில் கூடி, மனமொத்துச் சம்மதித்து, இன்றுமுதல் பிரிந்து வாழ உடன்படுகிறோம்.

மாமாவின் அண்ணன்தான் முதலில் தலையாட்டினார். "தம்பி சொல்றது சரிங்க. கௌரவமா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"காலேஜ் எழுத்துல்ல. வக்கீலே வந்தாலும் ஒரு புள்ளி மாத்த முடியாது" என்றார் மூத்தவர். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும்தான்.

பத்திரத்தையும் மைப் பெட்டியையும் நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"யாருடா சம்மதிச்சா?" என்று கேட்டாள்.

எழுத்துக்கு அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். இடது கையில் இருந்த சோற்றுப் பருக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பெருவிரலை நீட்டினாள்.

பிறகு அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மாதம் முப்பது ரூபாய். குழந்தைக்கு இருமல் வந்தால் அந்த மாதம் முப்பதும் போய்விடும். வக்கீலின் மனைவி விசாரித்து அவரிடம் சொல்லியிருக்கிறார். புருஷன் ஜீவனாம்சம் தரவேண்டும், கோர்ட்டில் கேட்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். அக்கா முகத்தில் அந்த வாரம் ஒரு தெளிவு வந்தது. மாதம் நூறு கேட்பதா நூற்றைம்பது கேட்பதா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

நான் பத்திரத்தின் நகலோடு போனேன். வக்கீல் ஊஞ்சலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

"யார் எழுதினா?"

"நான்தாங்க."

"நன்னா எழுதியிருக்கே. அதான் கஷ்டம்" என்றார். தள்ளி வைத்தேன் என்று அவன் கையெழுத்துப் போட்டு இருந்திருந்தால் அது ஒன்றே போதும். பரஸ்பரம் சம்மதித்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று விளக்கினார். அவள் சபைக்கே வரவில்லை என்று நான் கூண்டில் ஏறிச் சொன்னால் பார்க்கலாம் என்றார். தனக்குப் பீஸ் வேண்டாம், மற்ற செலவுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கண்டோன்மெண்டில் கோர்ட்டுக்கு ஒன்றேமுக்கால் வருஷம் நடந்தோம். சபைப் பெரியவர்களில் இருவர் வந்து, அக்கா நேரில் இருந்தாள் என்று சாட்சி சொன்னார்கள். அக்காவைக் கூண்டில் ஏற்றி, அது உன் சம்மதத்தோடு வைத்த கைநாட்டுதானே என்று கேட்டார்கள்.

"தம்பி காட்டின இடத்துல வச்சேங்க" என்றாள்.

அவள் அங்கே இல்லை, நேரில் கூடி என்று நான் எழுதியது பொய் என்று நான் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க குடும்பத்துல படிச்சவர் யாரு?"

"நான் ஒருத்தன்தாங்க."

"கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி அக்காவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். உத்தரவில் அதுவே வந்தது: படித்த தம்பியே எழுதி வாசித்துக் காட்டிய பத்திரம், எனவே மனுதாரர் ஏமாற்றப்பட்டதாகக் கொள்ள இடமில்லை. மனைவி என்ற முறையில் அக்காவின் மனு தள்ளுபடி. குழந்தைக்கு மட்டும் மாதம் நாற்பது ரூபாய். அது இரண்டு மாதம் வந்தது. நின்றால் மறுபடி மனுப் போட வேண்டும். மறுபடி போட எங்களிடம் ஒன்றும் இல்லை.

உத்தரவு வந்த அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். "விடுடா. நீ எழுதலேன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க."

வேறு யாராவது எழுதியிருந்தால் மூத்தவர் சொன்னதை அப்படியே எழுதியிருப்பார்கள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

முத்திரை, நகல், குமாஸ்தா, சம்மன் கொண்டுபோனவருக்குக் கொடுத்தது, பஸ், அக்கா வேலைக்குப் போகாத நாட்களின் கூலி எல்லாம் சேர்த்து அந்த வழக்குக்கு எங்களுக்கு அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய் ஆனது.