காஸ் காரின் பெட்ரோல் வியாதி

ம்ம்ம்... இரண்டு வினாடி. அப்புறம் 'டக்'. கார்ச் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து வரும் இந்த முனகலை வைத்துத்தான் என் தொழில் ஓடுகிறது. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பெட்ரோல் பம்பின் குரல் அது. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

ராத்திரியில் எனக்கு வேறு வேலை. நாட்டின் தலைநகரில், சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கரண்ட் போனால் ஓட்ட வேண்டும், போகாவிட்டால் போகுமா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் அங்கே கரண்ட் அதிகம் போவதில்லை. சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் கிளறும். அதற்குப் பயந்துதான் எதையாவது கழற்றி மாட்டப் பழகினேன். சர்டிபிகேட் கிடையாது, பகலில் தூக்கமும் கிடையாது. காலையில் ஊர்க்காரர் யாராவது கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பழைய கார் வாங்கிய புண்ணியவான்களே, நீங்களும் என்னைப்போல ஒருவனை நம்பி நடுரோட்டில் நின்றிருப்பீர்கள். அந்த உறவில் சொல்கிறேன்.

முள் படுத்திருந்தது

மெர்சி சிஸ்டர் நாகர்கோவில்காரர், நர்ஸ். நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் பழகி, கரோல் பாக்கில் ஒரு டீலரிடம் எட்டு வருஷப் பழைய காரை வாங்கினார். காஸ் கிட் வைத்த வண்டி. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் வார்டு இன்சார்ஜ். காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். ஜனவரிப் பனியில் வாடகைக் கார்க்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள். அதற்காகத்தான் கார். அதுவோ காலையில் எழுந்திருக்க மறுத்தது. அவர் கணவர் செல்வின், மத்திய அரசு ஆபீஸில் கிளார்க், கெடு வைத்துவிட்டார்: ஞாயிறு மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வண்டி டீலருக்கே திரும்பிப் போகும்.

புதன்கிழமை போனேன். அக்கம்பக்கத்து அறிஞர்கள் அத்தனை பேரும் பேட்டரிதான் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். நான் பின்சீட்டில் காதை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பசித்த பூனை மாதிரி ஒரு சத்தம். காஸ் வண்டியும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், இன்ஜின் சூடானபிறகே காஸுக்கு மாறும். அந்தப் பம்பைச் சூடாகாமல் காப்பதும் அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். முள் தரையோடு படுத்திருந்தது. கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டதற்கு சிஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது காஸ் வண்டியில்லா அண்ணே, பெட்ரோல் என்னத்துக்கு?"

புதுப் பம்ப் வந்த கதை

பத்து லிட்டர் ஊற்றினோம். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. அன்றைக்குப் பகலில் நான் நாலு மணி நேரம் தூங்கினேன் என்றால் என் கர்வத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழன் காலை, காஸுக்கு மாறுவதற்குள் மேம்பாலம் ஏறும்போது வண்டி செத்தது. பின்னால் பஸ், ஓட்டிய சிஸ்டருக்குப் பக்கத்தில் செல்வின்.

பெட்ரோல் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டினேன். நிற்கும்போது முள் ஒழுங்காக இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரிந்தது. பம்ப் வயரின் பிளக்கைக் கழற்றி மின்சாரம் அளந்தேன். பன்னிரண்டு வோல்ட், குறையில்லை. அப்படியானால் காய்ந்த டேங்கில் ஓடி ஓடிப் பம்ப்தான் போய்விட்டது என்று தீர்ப்பெழுதினேன். காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து வெள்ளிக்கிழமை மாட்டினேன். சனிக்கிழமை காலை அதே மேம்பாலம், அதே ஏற்றம், ஏறக்குறைய அதே பஸ். செல்வின் கோபப்படக்கூட இல்லை. கழுத்து மப்ளரைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க பேசாம ஜெனரேட்டரையே பாத்துக்கிடுங்க."

ஜெனரேட்டரையே பார்த்தேன்

அன்று ராத்திரி வேறு வழியில்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஜெனரேட்டரில் லோடு போடாமல் வோல்ட்டேஜ் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நான் என்றைக்காவது எழுதியிருக்கிறேனா? சும்மா நிற்கும்போது எல்லா வயரும் யோக்கியன்தான். காரில் மட்டும் பிளக்கைக் கழற்றி அளந்துவிட்டுப் பம்பின் தலையில் பழியைப் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை டியூட்டி முடிந்து நேராகப் போனேன். இந்த முறை பிளக்கைக் கழற்றவில்லை. பம்ப் ஓடும்போதே வயரில் குண்டூசி குத்தி அளந்தேன். எட்டரை வோல்ட். பின்சீட்டைத் தூக்கி வயரோடு விரலை நடத்திக்கொண்டே போனேன். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு இடம் சுட்டது. முந்தைய சொந்தக்காரருக்கு மலிவாகக் காஸ் கிட் மாட்டிய மகராசன், காஸில் ஓடும்போது பம்ப் ஓடவேண்டாம் என்று வயரை வெட்டி நடுவில் ரிலே என்று ஒரு தானியங்கி சுவிட்ச் வைத்திருக்கிறான். எப்படியும் டேங்கை எல்லோரும் காயத்தான் போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இணைப்பைக் கையால் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போய்விட்டான். உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. ரிலேயைப் பிடுங்கிவிட்டு, வயரை நேராகச் சேர்த்து ஈயம் பற்றவைத்தேன். இனி காஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றும், டேங்கைக் காயப்போடாமல் இருந்தால் போதும். மறுபடி அளந்தால் பதின்மூன்றுக்கு மேல். ஆக்சிலரேட்டரை மிதித்தும் பிரஷர் முள் அசையவில்லை.

கை துடைத்துக்கொண்டிருக்கும்போது டீலரின் ஆள் வண்டியை எடுத்துப்போக வந்து நின்றான். செல்வின் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "ஜாவ் பையா, இது விக்குற வண்டியில்ல." அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துகொண்டு போய்விட்டான்.

வரிசையில் மூன்று பேர்

சாயங்காலம் வண்டி ஆறியதும், காஸுக்கு மாறாதபடி அதை அடைத்துவிட்டு, சிஸ்டர் ஓட்ட, மேம்பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். மூன்றாவது தடவை வேண்டுமென்றே ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார். பிறகு காஸ் பங்கில் நீள வரிசை. காஸ் நிரப்பும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது என்பதால் மூவரும் இறங்கிக் குளிரில் நின்றோம். செல்வின் சிஸ்டருக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணாச்சி, எங்க ஆபீசர் காரும் காலையில இருமுது. ஒருநாள் வந்து பாக்கியளா?"

திங்கட்கிழமை

ஞாயிறு ராத்திரி முழுக்கக் கரண்ட் போகவில்லை. கரண்ட்டைவிட போனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி, எதிர்க் கட்டடம் தெரியவில்லை. ஆறு மணி தாண்டி ஐந்து நிமிஷத்தில் மணியடித்தது. இரண்டாவது மணிக்கு விடாமல் எடுத்தேன். மறுமுனையில் இன்ஜின் சீராக ஓடும் சத்தத்துக்கு நடுவே சிஸ்டர் அலுத்துக்கொண்டார்: "அண்ணே, நான்தான் மொதல்ல வந்தேன். பார்க்கிங் கேட்டையே இன்னும் தெறக்கல பாத்துக்கிடுங்க."

பழைய கார் வாங்கினால் முந்தைய சொந்தக்காரரின் சிக்கனமும் கூடவே இலவசமாக வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டே, ஜெனரேட்டருக்கு அடியில் சொட்டியிருந்த டீசலைக் கிழிந்த பனியனால் துடைக்க ஆரம்பித்தேன்.