லண்டனுக்குத் திரும்பிய விமானங்கள்

அண்ணா எட்டாம் வகுப்பில் படித்த வருடம், இங்கிலாந்து விமானப்படையும் ஜெர்மன் விமானப்படையும் ஜெர்மனியின் ஹம் நகரில் இருந்த எங்கள் வரவேற்பறையில் சண்டை பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆகாயச் சண்டையை ஜெர்மனி ஏன் தோற்றது என்று அவர் வகுப்பில் பேசவேண்டியிருந்தது. வீட்டுப்பாடம் என்றாலே கட்டிலில் சாய்ந்துவிடுபவர், இதற்கு மட்டும் பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி நிறம் பூசினார். மேசையில் என் நீலத் துவாயை விரித்து அதைக் கடல் என்றார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஒத்திகை நடந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த அப்பா சோபாவில் கையைக் கட்டியபடி நித்திரை. ஆறு வயதான நான் நிலத்தில் இருந்தேன். அம்மா கறியை அடுப்பில் விட்டுவிட்டுக் கரண்டியோடு கதவடியில் நின்றார்.

அண்ணா கணினியில் ஒலியைப் போட்டார். முதலில் அபாயச் சங்கு ஊதியது. அம்மா அசையவில்லை. பிறகு விமானங்களின் இரைச்சல், தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வழியில் உடுப்புக் கூடையோடு வந்த கீழ்வீட்டு ஜெர்மன் பெண் சொன்ன வணக்கத்துக்குக்கூட அவர் பதில் சொல்லவில்லை. நிலவறையில், பனிக்கால டயர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே என்னைக் குப்புறக் கிடத்தினார்.

"வாயைத் திறந்து வைச்சிரு. மூடினா காது வெடிக்கும்," என்று சொல்லி என் இரண்டு காதுகளையும் பொத்தினார்.

எனக்கு ஒரே சிரிப்பு. யாழ்ப்பாணத்தில் பொம்மர்கள் வந்து குண்டு போட்ட காலத்தைப் பற்றி அம்மா வீட்டில் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அம்மாவுக்கு இந்த விளையாட்டு இவ்வளவு நன்றாகத் தெரியுமா என்றுதான் நினைத்தேன்.

கறி எரிந்த மணத்தில் விழித்த அப்பா எங்களைத் தேடி வந்தார். "ஒண்டுமில்லை, வாரும். கறி அடிப்பிடிச்சிட்டுது," என்றார்.

மேலே அண்ணா கோபத்தோடு நின்றார். சத்தம் போடாமல் மிச்சத்தைச் சொல்லும்படி அம்மா கேட்டார். ஜெர்மன்காரர் முதலில் இங்கிலாந்தின் விமானத் தளங்களை அடித்தார்களாம். தளங்கள் சிதைந்துபோயிருந்த நேரத்தில் அவற்றை விட்டுவிட்டு லண்டன் பக்கம் திரும்பினார்களாம். அந்த இடைவெளியில் இங்கிலாந்துக்காரர் தளங்களைத் திருத்திவிட்டார்களாம். அதுதான் நல்ல காலம் என்று அண்ணா முடித்தார்.

"லண்டனில அப்ப ஆர் இருந்தது?" என்று அம்மா கேட்டார்.

"சனங்கள்தான்."

"அப்ப ஆருக்கு நல்ல காலம்?"

"விமானப்படைக்கு, அம்மா. இது விமானப்படையைப் பற்றின பேச்சு."

அம்மா தலையாட்டிவிட்டுச் சட்டியைத் தேய்க்கப் போனார். அண்ணாவுக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

அடுத்த ஞாயிறு, மறுபடியும் நிலவறைக்குப் போவோம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். ஏலாது என்றார். வாயை அகலத் திறந்து காட்டியும் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு நன்றாக விளையாடத் தெரிந்தவர் ஒரேயொரு முறையோடு நிறுத்திவிட்டாரே என்று கன நாள் நான் அம்மாவோடு கோபமாயிருந்தேன்.