முதல்தர மாவில் செய்த பை

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து மாவாக்கும் ஆலை வைத்திருக்கிறார் அங்கமுத்து. அவர் மாவு அப்படியொரு வெள்ளை. மற்ற ஆலைகளில் கையில் அள்ளித் தேய்த்துப் பார்க்கிற சேலத்து வியாபாரிகள் அவரிடம் மட்டும் பார்க்காமலே விலை பேசுவார்கள். மாமனார் மணியனுக்கும் மூத்த மருமகன் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக் காரியமானாலும், மணியன் தலைவராக இருக்கிற மாரியம்மன் கோயில் காரியமானாலும், அங்கமுத்துவைக் கேட்காமல் எதுவும் நடக்காது. ஈஸ்வர் தலையெடுக்கிறவரை நிலவரம் இதுதான்.

ஈஸ்வர், அங்கமுத்துவின் மனைவி சித்ராவுடைய தங்கையைக் கட்டியவன். பிளாஸ்டிக் பை ஊதும் மெஷின் போட்டிருந்தான். அரசாங்கம் தடை போட்டதும் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தான். அந்த நாட்களில் அங்கமுத்துவுக்கு அவன்மேல் பாசமான பாசம். “நம்ம ஆலைக்கு வந்துரு தம்பி, எதாச்சும் பாத்துக்கலாம்” என்று நாலு பேர் இருக்கும்போது சத்தமாகச் சொல்வார். நொடித்துப் போனவனிடம் அன்பு காட்டுவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

ஒருநாள் ஈஸ்வர் ஆலைக்கு வந்தான். “அண்ணா, மருந்து போட்டு வெளுக்காத மாவு வேணுங்க” என்றான். அதோடு கிளிசரினும், மக்கிப்போகிற பிசின் ஒன்றும் சேர்த்துப் பழைய மெஷினிலேயே பை ஊதப் போகிறானாம். எருக்குழியில் போட்டால் சாணியோடு சாணியாகிவிடுமாம். விலை குறைந்த வெளுக்காத மாவு கேட்கிறானே, கையில் காசில்லை போலும் என்று அங்கமுத்து பரிதாபப்பட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தார்.

பை வந்துவிட்டது. பார்க்கப் பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் திருச்செங்கோட்டு ஜவுளிக் கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். பேப்பரில் ஈஸ்வரின் படம் வந்தது. மணியன் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லாம் நீட்டினார். அங்கமுத்துவுக்கு வயிறெரிந்தது. என் ஆலையில் அரைத்த மாவு, அவனுக்குப் படமா? சோற்றில் கை வைத்தால் அந்தப் படம்தான் கண்ணில் வந்து நின்றது. அடுத்த முறை மாவு கேட்டு வந்தவனிடம், “அதெல்லாம் இப்பப் போடறதில்லப்பா” என்று கூசாமல் புளுகினார். ஈஸ்வர் ஆத்தூர்ப் பக்கம் போய் வாங்கிக்கொண்டான்.

பங்குனித் திருவிழா வந்தது. பிரசாதத்தை மக்கும் பையில்தான் கொடுக்க வேண்டும் என்று மணியன் சொன்னதுதான் தாமதம், அங்கமுத்து எழுந்து நின்றார். “பையி நாந் தாரனுங்க மாமா.” மட்டமான மாவிலேயே அவன் அப்படிச் செய்தால், முதல்தர மாவில் நான் எப்படிச் செய்வேன்! இதுதான் அவர் போட்ட கணக்கு.

“ஏனுங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமில்லீங்க?” என்றாள் சித்ரா.

“மாவப் பத்தி அவங்கிட்ட நானு கேக்கோணுமா?”

சேலத்தில் ஒரு பட்டறையில் தன் வெள்ளை மாவைக் கொடுத்துக் கூலிக்கு ஊதி வாங்கினார். பால் மாதிரி வெள்ளை. வந்தவர்களுக்கெல்லாம் அங்கமுத்து தானே பிரித்துக் காட்டினார்.

திருவிழாவன்று உச்சி வெயிலில் மணியன் தேங்காய், பழம், பொங்கல் பொட்டலம் போட்டு முதல் பையை வரிசையில் முன்னால் நின்ற மாரக்காள் கையில் கொடுத்தார். அந்த அம்மா திரும்புவதற்குள் பை அப்பளமாக நொறுங்கித் தேங்காய் உருண்டது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. வரிசை முழுக்கச் சிரிப்பு. “பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்குது சாமி, தேங்கா நிக்கோணுமில்ல!” என்றாள் மாரக்காள், பழத்தைப் பொறுக்கிக்கொண்டே.

யாரோ போன் போட்டு, ஈஸ்வர் வேனில் பழுப்புப் பைகளோடு வந்து இறங்கினான். அங்கமுத்து தயாராக நின்றார். மாவை நிறுத்தியதை இப்போது சொல்வான், சொல்லட்டும். நானும் நாலு கேட்கிறேன் என்று நாக்கு துடித்தது.

ஈஸ்வர் மணியனிடம் போனான். “அண்ணமேல தப்பில்லீங்க மாமா. வெளுக்கற மருந்து பட்டா மாவுல பிடிப்புப் போயிரும். நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். மொதமொதல்ல இந்தப் பையி வந்ததே அண்ணங் குடுத்த மாவுலதானுங்க.”

“அட, நம்ம மூத்தவரு மாவா!” மணியன் அங்கமுத்துவின் தோளைத் தட்டினார். கூட்டம் கை தட்டியது. ஈஸ்வர் திரும்பி, “மறுபடியும் அந்த மாவு குடுங்கண்ணா” என்றான். அத்தனை பேர் முன்னால் அங்கமுத்து சிரித்து, “நாளைக்கே வண்டி அனுப்பு தம்பி” என்றார்.

சித்ராவுக்கு வாயெல்லாம் பல். வீடு திரும்பும் வழியில், “பாத்தீங்களா, தம்பி உங்கள உட்டுக் குடுக்கலீங்க” என்றாள்.

“ஒரு வார்த்த திட்டியிருந்தான்னா தேவல சித்ரா” என்றார் அங்கமுத்து. “இப்ப என்ர மரியாதையும் அவன் குடுத்ததாப் போச்சு.”