டவுன் பஸ் டிரைவரும் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டும்

சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் என் லேப்டாப்புக்காகக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரத் துண்டு, கனத்த மீசை. தாமல் பக்கம் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரிலும் பஸ் ஓட்டும் கேம்தான் விளையாடுவாராம். பேசும்போதே அவருடைய இடது கை இல்லாத கியரை மாற்றிக்கொண்டிருந்தது.

கடைக்குக் கொண்டுவந்திருந்த தன் கம்ப்யூட்டரில், திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு இன்னொன்றும் போடச் சொன்னார்.

"அண்ணே, இந்த கேம் ஒரு கார்டைத்தான் யூஸ் பண்ணும். ரெண்டாவது சும்மா உக்காந்துக்கினு இருக்கும். ஸ்பீடு ஏறாது" என்றார் கடைக்காரர்.

"கண்டக்டரும்தான் வண்டி ஓட்றதில்ல. அதுக்காக அவர எறக்கி உட்டுட்டுப் போவ முடியுமாபா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கார்டைப் பொருத்தி, கேமை ஓடவிட்டார். முதல் கார்டின் விசிறி சுற்றியது. இரண்டாவது அசையவே இல்லை. வேகமும் ஏறவில்லை.

"பாத்தீங்களாண்ணே?"

டிரைவர் அதைக் காதில் வாங்காமல், திரையில் ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினார். ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது. பஸ் மட்டும் கிளம்பவில்லை.

"ஹேங் ஆயிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்லபா. விசில் வர்ல."

இரண்டாவது கார்டையே பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடை மூடும் நேரமும் வந்துவிட்டது. கடைசியில் கடைக்காரர் இரண்டு விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

பஸ் கிளம்பியது. டிரைவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கார்டைப் பார்த்துத்தான் தலையாட்டினார். எங்களைக் கேலி செய்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.